‘நிதி இல்லை’ என்றால், எந்த நிதி?

குழாயில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை. தெருமுனையில் சாக்கடை அடைத்துக்கொண்டு வழிகிறது. ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “நிதி இல்லைங்க.” கேட்டவரும் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். அந்தப் பதில் பொய் என்று நான் சொல்லவில்லை. பல சமயம் உண்மைதான். ஆனால் அது பாதிப் பதில். “எந்த நிதி இல்லை?” என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் மீதி வெளியே வரும்.

ஒரு கிராம ஊராட்சிக்குக் குடிநீருக்கும் கழிவுநீருக்குமாக வரும் பணம் ஒரே பையில் வருவதில்லை. நாலைந்து பைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், தனி நிபந்தனை, தனிக் காலம். ஒரு பையில் பணம் தீர்ந்திருக்கும்போது இன்னொன்றில் செலவாகாமல் கிடக்கலாம். தமிழ்நாட்டில் உள்ள சுமார் 12,500 கிராம ஊராட்சிகளில் ஒன்றில் நீங்கள் குடியிருந்தால், அந்தப் பைகளை அடையாளம் தெரிந்துகொள்ள இந்தக் கட்டுரை உதவும். பேரூராட்சியிலும் நகராட்சியிலும் இருப்பவர்களுக்கு 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0 போன்ற வேறு திட்டங்கள் இருக்கின்றன. அந்தக் கதை தனி.

பெரிய பை

அரசியல் சட்டத்தின் 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்த பதினொன்றாம் அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை என்று 29 பொருள்களைப் பட்டியலிடுகிறது. குடிநீரும் சுகாதாரமும் அவற்றில் அடக்கம். வேலையைக் கொடுத்தால் கூடவே பணமும் கொடுக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் மத்திய நிதிக்குழு, மாநில நிதிக்குழு என்ற இரண்டு ஏற்பாடுகள். ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை அமையும் இந்தக் குழுக்கள், வரிப்பணத்தில் உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு, எந்த நிபந்தனையில் என்று பரிந்துரைக்கின்றன.

14ஆவது நிதிக்குழு 2015 முதல் 2020 வரையிலான காலத்துக்குக் கிராம ஊராட்சிகளுக்கென்று இரண்டு லட்சம் கோடி ரூபாய் பரிந்துரைத்தது. குடிநீர், சாலை, தெருவிளக்கு, சுடுகாடு என எந்த அடிப்படைத் தேவைக்கும் அதைச் செலவிடலாம். சாலை போட்டால் ஊரே பார்க்கும், மண்ணுக்குள் புதைத்த குழாயை யாரும் பார்க்க மாட்டார்கள். எந்தத் தலைவருக்கும் முதலாவதன் மேல்தான் ஆசை போகும். அடுத்து என்.கே. சிங் தலைமையில் வந்த 15ஆவது நிதிக்குழு இந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டது. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாண்டுகளுக்கு ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்றது. அந்த 60இலும் 30 விழுக்காடு குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுபயன்பாடு ஆகியவற்றுக்கு. மற்ற 30 திறந்தவெளி மலம் கழித்தல் இல்லாத நிலையைக் காப்பதற்கும் கழிவு மேலாண்மைக்கும்.

அலுவலக வழக்கில் இதை ‘டைடு’ என்பார்கள். மீதி 40 விழுக்காடு ‘அன்டைடு’. அதை உள்ளூர்த் தேவை எதற்கும் செலவிடலாம், சம்பளத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் மட்டும் கூடாது. டைடு நிதி, பள்ளிக் கட்டணத்துக்கு என்று சொல்லி அப்பா கொடுத்துவிட்டுப் போன பணம் மாதிரி. வீட்டில் வேறு எந்த அவசரம் வந்தாலும் தொட முடியாது. ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. குடிநீர், சுகாதாரம் இரண்டில் ஒன்றில் ஊரின் தேவை முழுதும் நிறைவேறிவிட்டது என்று கிராம சபை சான்று அளித்து, மேலதிகாரியும் அதை உறுதி செய்தால், அந்தப் பங்கை மற்றதற்குத் திருப்பலாம். இந்தச் சான்றைக் கொடுக்கும் உரிமை கிராம சபையிடம் இருப்பதைக் கவனியுங்கள்.

இந்த நிதி டெல்லியிலிருந்து மாநில அரசுக்கு ஆண்டுக்கு இரண்டு தவணையாக வரும். வந்த பத்து வேலை நாளுக்குள் உள்ளாட்சிகளுக்கு அனுப்பிவிட வேண்டும். தாமதித்தால் மாநில அரசு வட்டியோடு தர வேண்டும். மாவட்டம், ஒன்றியம், கிராமம் என்ற மூன்று அடுக்குகளும் பங்கிட்டுக்கொள்ளும். கிராம ஊராட்சிக்கு 70 முதல் 85 விழுக்காடு வரை போக வேண்டும் என்பது வரம்பு.

லட்சம் கோடி என்று கேட்டதும் மலைப்பு வரும். தலைக்கு வகுத்துப் பார்த்தால் அது அடங்கிவிடும். 2011 கணக்கெடுப்பின்படி நாட்டின் ஊரக மக்கள் 83 கோடி. ஐந்தாண்டுப் பணத்தை அதில் வகுத்தால் ஆளுக்கு ஆண்டுக்கு 570 ரூபாய் அளவில் வருகிறது. மூவாயிரம் பேர் வாழும் ஓர் ஊராட்சிக்கு மூன்று அடுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 17 லட்சம். அதில் கிராமத்தின் பங்கு 80 விழுக்காடு என்று வைத்தால் பதின்மூன்றரை லட்சம். அதிலும் குடிநீருக்கென்று கட்டிவைத்த 30 விழுக்காடு, ஏறத்தாழ நான்கு லட்சம். இது நாட்டுச் சராசரியை வைத்துப் போட்ட கணக்கு, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் அளவு புரிந்திருக்கும். இந்தப் பணத்தில் புதிதாக ஒரு பெரிய மேல்நிலைத் தொட்டி கட்ட முடியாது. எரிந்துபோன மோட்டாரை மாற்றலாம், உடைந்த குழாயை மாற்றலாம், ஒரு தெருவுக்கு லைன் நீட்டலாம், குளோரின் வாங்கலாம். பராமரிப்புக்கு ஏற்ற பணம் இது. நம் ஊர்களில் பராமரிப்புக்கு மனு கொடுப்பவர்கள் குறைவு, புதுத் தொட்டிக்கு மனு கொடுப்பவர்கள் அதிகம் என்பதுதான் சிக்கல்.

2026 ஏப்ரல் முதல் 16ஆவது நிதிக்குழுவின் காலம். ஒவ்வொரு குழுவும் விகிதங்களை மாற்றும். ஆகவே மேலே சொன்ன 60, 30 என்ற எண்களை மனப்பாடம் செய்வதைவிட, “இந்த ஆண்டு டைடு எவ்வளவு, அன்டைடு எவ்வளவு?” என்று கேட்டுத் தெரிந்துகொள்வது மேல்.

தேர்தல் நடக்காவிட்டால்?

நிதிக்குழு மானியத்தோடு ஒரு பெரிய நிபந்தனை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகம் இருக்கும் உள்ளாட்சிக்குத்தான் பணம். கணக்குகளும் இணையத்தில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். முந்தைய ஆண்டின் தற்காலிகக் கணக்கு, அதற்கு முந்தைய ஆண்டின் தணிக்கை செய்த கணக்கு, இரண்டும்.

இதில் தமிழ்நாட்டுக்கு அனுபவம் உண்டு. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்ற வழக்கால் நின்றது. 2019 டிசம்பர் வரை ஊராட்சிகளில் தலைவர் இல்லை, தனி அலுவலர்கள்தான். அந்தக் காலத்தில் மத்திய அரசு நிதிக்குழு மானியத்தை நிறுத்தி வைத்தது. பிறகு 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும், 28 மாவட்டங்களில் நிர்வாகம் மீண்டும் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. தேர்தல் தள்ளிப்போவதை நாம் கட்சிகளின் கணக்காகவே பார்க்கிறோம். அது குழாய் மராமத்துக் கணக்கும்கூட. இதை யாரும் மேடையில் பேசுவதில்லை.

ஜல் ஜீவன்: இலவசமா, இல்லையா?

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் இணைப்பு என்றது. அப்போது நாடு முழுவதும் 3.23 கோடி ஊரக வீடுகளில்தான் குழாய் இருந்தது, அதாவது ஆறில் ஒன்று. ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 10500 என்ற தர அளவுக்கு உட்பட்ட தண்ணீர், ஒழுங்காகத் தொடர்ந்து. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் திட்டத்தின் கணக்கில் அது ‘செயல்படும் இணைப்பு’. வாசலில் நட்டுவைத்த நீலக் குழாய் மட்டும் இணைப்பு ஆகாது. முதலில் 2024 வரை என்று இருந்த திட்டத்தின் காலத்தை 2025ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் 2028 வரை நீட்டித்தார்கள். தமிழ்நாட்டைப் போன்ற மாநிலங்களில் மத்திய அரசு பாதி, மாநில அரசு பாதி.

இந்தத் திட்டத்தில் ஊருக்கு ஊர் சண்டை மூளும் இடம், மக்கள் பங்களிப்பு. ஊருக்குள் போடப்படும் தொட்டி, குழாய் முதலிய கட்டமைப்பின் செலவில் 10 விழுக்காட்டை மக்கள் தர வேண்டும் என்று வழிகாட்டி நெறிமுறை சொல்கிறது. மலை, வனப் பகுதிகளிலும், ஆதிதிராவிடர் பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் ஊர்களிலும் 5 விழுக்காடு. பணமாகத் தரலாம், பொருளாகத் தரலாம், உடல் உழைப்பாகவும் தரலாம். “கவர்மென்ட் இலவசக் குழாய்னுதானே சொன்னாங்க, அப்புறம் எதுக்குக் காசு?” என்று பல தெருக்களில் கேள்வி எழும். கேள்வி நியாயமானதுதான். யாரும் முன்கூட்டி விளக்கியிருக்க மாட்டார்கள். ஆனால் இந்தப் பங்களிப்பின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். திட்டம் நல்லபடி முடிந்தபின், செலவில் 10 விழுக்காடு அளவுக்கு ஊக்கத்தொகையாக ஊரின் குடிநீர்க் குழுவுக்கே சுழல்நிதியாகத் தர வழி வைத்திருக்கிறார்கள், திடீர் மராமத்துக்காக. உங்கள் ஊரில் பங்களிப்பு வசூலானதென்றால், அதற்கு ரசீது இருக்கிறதா, எந்தக் கணக்கில் போட்டார்கள் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

குடிநீர்க் குழு என்றேன். அதன் முழுப் பெயர் கிராமக் குடிநீர் மற்றும் சுகாதாரக் குழு. பத்து முதல் பதினைந்து பேர் இருக்கலாம். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், கால் பங்கு வார்டு உறுப்பினர்கள், கால் பங்கு நலிந்த பிரிவினர். ஊரில் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியைப் பயன்படுத்தப் பயிற்சி தர வேண்டும் என்றும் இருக்கிறது. காகிதத்தில் இந்தக் குழு எல்லா ஊரிலும் இருக்கும். உறுப்பினர் யார் என்று கேட்டால் உறுப்பினருக்கே தெரியாத ஊர்களும் இருக்கும்.

குழாய் எந்தத் தெருவில் முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு அழுத்தம் குறையும், தண்ணீர் கடைசியாக வந்து முதலில் நிற்கும். நம் ஊர்களில் அந்தக் கடைசித் தெரு பெரும்பாலும் ஆதிதிராவிடர் குடியிருப்பாகவே இருப்பது தற்செயல் இல்லை. மதிப்பீடு தயாராகும்போதே அங்கே தனி வால்வு, தேவைப்பட்டால் தனி லைன் என்று எழுதவைக்காவிட்டால், பணம் செலவான பிறகு அதைச் சரிசெய்யும் பணத்துக்கு மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும்.

உள்ளே வந்த தண்ணீர் வெளியே போக வேண்டுமே

மூவாயிரம் பேருக்கு 55 லிட்டர் வீதம் கொடுத்தால் நாளொன்றுக்கு 1,65,000 லிட்டர். குளித்தது, துவைத்தது, பாத்திரம் கழுவியது என்று அதில் மூன்றில் இரண்டு பங்கு அழுக்குநீராகத் திரும்பி வரும். ஒரு லட்சம் லிட்டருக்கு மேல், தினமும். குழாய்க்குப் போராடிய ஊர் ஓராண்டு கழித்துச் சாக்கடைக்குப் போராடுவது இதனால்தான்.

உடனே பாதாளச் சாக்கடை வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போடுவார்கள். அது நடக்காது. நடக்காததற்குப் பணம் மட்டும் காரணமில்லை. பாதாளச் சாக்கடைக் குழாயில் கழிவு தேங்காமல் ஓட வேண்டுமென்றால் தண்ணீர் வேகமும் அளவும் வேண்டும். அதனால்தான் பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு 135 லிட்டர் குடிநீர் வேண்டும் என்று மத்திய அரசின் பொறியியல் கையேடு வகுத்திருக்கிறது. 55 லிட்டர் ஊரில் அதைப் புதைத்தால் குழாய் அடைத்துக்கொண்டு நிற்கும்.

அப்படியானால் சிமென்ட் வாய்க்கால்? எல்லாரும் விரும்பிக் கேட்பது அதைத்தான். வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஊர்க்குளத்தில், அல்லது ஏரியின் வரத்துக் காலில். என் தெரு அழுக்கை உன் தெருவுக்கு நகர்த்த அரசுப் பணம் எதற்கு என்று எனக்குத் தோன்றும். அதனால் இப்போதைய மானிய விதிகள் வீட்டருகிலேயே மண்ணுக்குள் இறக்கும் முறைக்கு முன்னுரிமை தருகின்றன. வீட்டுக்கு உறிஞ்சு குழி, தெருமுனையில் சமுதாய உறிஞ்சு குழி, வாய்க்கால் இருந்தே ஆகவேண்டிய இடத்தில் அதன் கடைசியில் வடிகட்டி அல்லது நிலைப்படுத்தும் குட்டை. களிமண் நிலத்தில் உறிஞ்சு குழி வேலை செய்யாது. குடிநீர்க் கிணற்றை ஒட்டித் தோண்டவே கூடாது. இதை ஓவர்சியர் சொல்லாவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள்.

இதற்கான பை, தூய்மை பாரத இயக்கத்தின் ஊரகப் பிரிவு. முதல் கட்டம் 2014இல் தொடங்கியது, கழிப்பறைக்கு. தகுதியுள்ள வீட்டுக்கு 12,000 ரூபாய் ஊக்கத்தொகை, அதில் மத்திய அரசு 7,200, மாநில அரசு 4,800. 2020-21இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில்தான் அழுக்குநீருக்கும் குப்பைக்கும் பணம் வந்தது. ஐந்தாயிரம் பேர் வரை உள்ள ஊருக்கு அழுக்குநீர் மேலாண்மைக்குத் தலைக்கு 280 ரூபாய் வரை, குப்பைக்குத் தலைக்கு 60 ரூபாய் வரை. ஐந்தாயிரத்துக்கு மேல் போனால் அழுக்குநீருக்கு 660, குப்பைக்கு 45. இதில் 70 விழுக்காடு இயக்கத்தின் பணம், 30 விழுக்காட்டை ஊராட்சி தன் நிதிக்குழு மானியத்திலிருந்து போட வேண்டும்.

நமது மூவாயிரம் பேர் ஊருக்கே திரும்புவோம். அழுக்குநீருக்கு உச்சவரம்பு 8,40,000 ரூபாய். அதில் 5,88,000 இயக்கம் தரும், 2,52,000 ஊராட்சி போட வேண்டும். ஊராட்சி தன் பங்கைத் திட்டத்தில் எழுதி ஒதுக்காவிட்டால், பெரிய பங்கும் வராமல் போகும். “நிதி இல்லை” என்ற பதிலுக்குப் பின்னால் பல சமயம் இருப்பது இதுதான். மேலே பணம் இருக்கும், கீழே இணைப்பங்கு ஒதுக்கியிருக்க மாட்டார்கள். உறிஞ்சு குழி வெட்டும் உழைப்பை ஏராளமான ஊராட்சிகள் நூறு நாள் வேலைத் திட்டத்தில் சேர்த்துச் செய்தும் பணத்தை மிச்சப்படுத்தியிருக்கின்றன.

செப்டிக் டேங்க் விஷயம் தனி. அதில் சேரும் மலக்கசடை லாரி உறிஞ்சிக்கொண்டு போய் எங்கே கொட்டுகிறது? தனி ஊராட்சி ஒன்று இதற்கு ஆலை கட்ட முடியாது. அதனால் இயக்கத்தின் விதி மலக்கசடுக்கான பணத்தை, தலைக்கு 230 ரூபாய் வரை, மாவட்ட அளவில் வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் மலக்கசடுச் சுத்திகரிப்பு நிலையம் 2017இல் செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில் வந்தது. அது மதுராந்தகத்தின் கசடையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. அதுபோல அருகில் உள்ள நகராட்சி நிலையத்தோடு சுற்றுவட்டார ஊராட்சிகள் ஒப்பந்தம் செய்துகொள்வதே நடக்கக்கூடிய வழி. ஊராட்சி மட்டத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான். நம் ஊருக்கு வரும் லாரி எங்கே போய் இறக்குகிறது என்று எழுதி வைத்திருக்கிறார்களா?

சின்னப் பைகள்

மாநில நிதிக்குழு மானியம் மாதாமாதம் வருவது. தமிழ்நாட்டு ஊராட்சிகளில் நீண்ட காலமாக மூன்று வங்கிக் கணக்குகள் வழக்கத்தில் உண்டு. ஒன்றாம் எண் கணக்கு பொது நிதி, இரண்டாம் எண் கணக்கு மின்கட்டணத்துக்கும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்டவேண்டிய கட்டணத்துக்கும், மூன்றாம் எண் கணக்கு திட்டப் பணிகளுக்கு. மோட்டார் ஓட்டும் மின்சாரத்தின் விலை மானியத்தை முதலிலேயே கடித்துவிடுகிறது என்பதற்கு அந்த இரண்டாம் எண் கணக்கே சாட்சி. கசியும் வால்வை மாற்றாமல் இரவெல்லாம் மோட்டாரை ஓட்டும் ஊர், தன் மானியத்தைத் தானே ஊற்றிக்கொண்டிருக்கிறது.

சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருடையது 5 கோடி. ஆழ்துளைக் கிணறு, சிறு தொட்டி இதில் வரும். திறப்பு விழாவும் கூடவே வரும், பராமரிப்பு வராது. நமக்கு நாமே திட்டம் 1997இல் தொடங்கி, இடையில் நின்று, 2021இல் திரும்ப வந்தது. மக்கள் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு போட்டால் மிச்சத்தை அரசு தரும். வெளியூரில் சம்பாதிக்கும் பிள்ளைகள் உள்ள ஊருக்கு இது நல்ல வழி. அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் உங்கள் ஊராட்சி எந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறது என்பதையும் பி.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குளம் குட்டை தூர்வாருவது அதில் அடங்கும்.

கட்டுவதற்குப் பணம், ஓட்டுவதற்கு?

மானியங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. புதிதாகக் கட்டப் பணம் கிடைப்பது சுலபம், கட்டியதை ஓட்டப் பணம் கிடைப்பது கடினம். தொட்டியை மாதம் இருமுறை கழுவ வேண்டும், ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் வீதம் பிளீச்சிங் பவுடர் கலக்க வேண்டும், டேங்க் ஆபரேட்டருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் திறப்பு விழா கிடையாது, கல்வெட்டும் கிடையாது.

இங்கேதான் குடிநீர்க் கட்டணம் வருகிறது. நமது மூவாயிரம் பேர் ஊரில் 800 வீடு இருக்கிறது, மாதக் கட்டணம் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் கட்டினால் ஆண்டுக்கு 4,80,000 ரூபாய். மேலே நாம் கணக்குப் போட்ட நிதிக்குழுவின் குடிநீர்ப் பங்கும் ஏறத்தாழ அந்த அளவுதான். அதாவது, டெல்லி ஒரு மடங்கு தருகிறது, ஊர் நினைத்தால் தானே இன்னொரு மடங்கு திரட்டலாம். டெல்லிப் பணம் தேர்தல் நிற்கும்போது நிற்கும், தணிக்கை தாமதமானால் தாமதமாகும். ஊர்ப் பணம் அப்படி நிற்காது. ஆனால் லாரித் தண்ணீரைக் குடம் குடமாகக் காசு கொடுத்து வாங்கும் வீட்டிலேயே குழாய்க் கட்டணம் ஆண்டுக்கணக்கில் பாக்கி நிற்பதைப் பார்க்கிறோம். வசூலிக்கப் போனால் அடுத்த தேர்தலில் ஓட்டு போய்விடும் என்று தலைவருக்குப் பயம். ஒழுங்காகத் தண்ணீர் வந்தால் கட்டுவேன் என்கிறார் வீட்டுக்காரர். இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. முதலில் ஒழுங்காகத் தண்ணீர் விடவேண்டியவர் ஊராட்சிதான் என்பது என் கட்சி. கட்டணத்துக்கு ரசீதும், அந்தப் பணம் எதற்குச் செலவானது என்ற கணக்கும் சபையில் வைக்கப்படும் ஊரில் பாக்கி தானாகக் குறையும்.

எப்போது, எப்படிக் கேட்பது?

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், நவம்பர் 1 உள்ளாட்சி தினம். இந்த இரண்டும் 2022இல் சேர்க்கப்பட்டவை. மூவாயிரம் பேர் உள்ள ஊராட்சியில் நூறு பேர் இருந்தால்தான் கூட்டம் செல்லும்.

இந்த ஆறில் பணத்துக்கு முக்கியமானது அக்டோபர் 2. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்கும் வேலை அந்தச் சமயத்தில்தான் தொடங்குகிறது. நிதிக்குழு மானியத்தில் செய்யும் எந்த வேலையும் அந்தத் திட்டத்தில் எழுதப்பட்டு, இ-கிராம்ஸ்வராஜ் என்ற மத்திய அரசின் தளத்தில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஜூன் மாதம் குழாய் உடைந்த கோபத்தில் போய்ப் புது லைன் கேட்டால், திட்டத்தில் இல்லை என்பார்கள். சட்டப்படி அது சரியான பதில். அக்டோபரில் கேட்டிருக்க வேண்டும்.

வாயால் கேட்பது போதாது. தீர்மானப் புத்தகத்தில் எழுதி, எண் போட்டு, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் முதலிலேயே கையெழுத்து வாங்கும் பழக்கம் உள்ள ஊர்களில் இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். “குடிநீர் வசதி செய்து தர வேண்டும்” என்று மொட்டையாக எழுதினால் அது எந்தப் பையிலும் பொருந்தாது. எந்தத் தெரு, எத்தனை வீடு, எத்தனை மீட்டர் குழாய், எந்த நிதியிலிருந்து என்று எழுத வேண்டும். தீர்மானத்துக்குப் பின் ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போடுவார். தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, ஒப்பந்தப்புள்ளி, வேலை, அளவுப் புத்தகத்தில் பதிவு, பிறகுதான் பணம். ஊர்க்காரர் கண் வைக்க வேண்டிய இடம் அளவுப் புத்தகம். குழாயை மூடுவதற்கு முன் பள்ளத்தின் ஆழத்தையும் குழாயின் விட்டத்தையும் ஒருவர் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் போதும், பாதித் தகராறு வராது.

வரவு செலவை இ-கிராம்ஸ்வராஜ் தளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்து யாரும் பார்க்கலாம். அதற்குக் கடவுச்சொல் வேண்டாம். அதிலிருக்கும் வேலை தெருவில் இல்லை என்றால் ஊராட்சி ஆய்வாளர் என்ற பொறுப்பில் இருக்கும் மாவட்ட ஆட்சியருக்கு மனு எழுதலாம், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அளவுப் புத்தகத்தின் நகல் கேட்கலாம். 2023இல் தொடங்கிய ஊராட்சி மணி என்ற புகார் மையமும் இருக்கிறது.

வருகிற கிராம சபைக்குப் போகும்போது ஒரு சீட்டில் இந்த நான்கு கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். இந்த ஆண்டு டைடு நிதி எவ்வளவு வந்தது? அதில் குடிநீருக்கு எவ்வளவு, கழிவுநீருக்கு எவ்வளவு செலவானது? தூய்மை இயக்கத்துக்கான ஊராட்சியின் 30 விழுக்காடு ஒதுக்கப்பட்டதா? குடிநீர்க் கட்டணம் எவ்வளவு வசூல், எவ்வளவு பாக்கி? பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். புதுத் தொட்டிக்கான மனுவை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.